பிளாட்வில்லில் போ ரயன் இருந்த 15 வருடங்கள்

கேட்கப்பட்டிருப்பது இது: "விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியை 2014, 2015 இரண்டு வருடமும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. நடத்தும் போட்டியின் இறுதி நான்கு வரை கொண்டுபோன போ ரயன், அதற்கு முன் பிளாட்வில் என்ற சின்னக் கல்லூரியில் 15 வருடம் இருந்து நான்கு சாம்பியன்ஷிப் வாங்கினார் என்று படித்தேன். அப்படி ஜெயித்தவரை 53 வயது வரை பெரிய இடத்தில் ஏன் யாரும் கூப்பிடவில்லை? சின்னக் கல்லூரியில் ஜெயிப்பது அவ்வளவு லேசா? நானும் ஒரு சின்னக் கல்லூரி அணிக்குக் கோச். அவரிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?" மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். நல்ல ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்தோ இடம் கொடுத்தோ சேர்க்க முடியாத ஓரிடத்தில் ஒரு கோச் பெறும் வெற்றி, அவருடைய வேலையைப் பற்றி என்ன சொல்கிறது என்பதே அது. அந்த இடத்தில் இருந்ததால் அவருக்கு இழப்பா, லாபமா என்பதும் அதோடு சேர்ந்தே வருகிறது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளாட்வில் அவருக்குக் காத்திருப்பு அறை அல்ல. பின்னால் விஸ்கான்சினில் உலகம் பார்த்த ஆட்டம், பிளாட்வில்லின் குறைகளுக்கு ஏற்ப வெட்டித் தைத்த ஆட்டம். ஆனால் அந்த வெற்றி முழுவதையும் அவர் கணக்கிலேயே எழுதுவதும் சரியில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பதிவேட்டில் உள்ளதைப் பார்ப்போம். ரயன் 1947 டிசம்பரில் பென்சில்வேனியாவின் செஸ்டர் நகரில் பிறந்தவர். அதே மாநிலத்தின் வில்க்ஸ் கல்லூரியில் கார்டாக (வெளியே நின்று பந்தை நடத்துபவராக) ஆடி 1969-ல் பட்டம் பெற்றார். 1973-ல் விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீன் நகரில் ஒரு சிறு கல்லூரியில் பில் கோஃபீல்டுக்கு உதவிக் கோச்சானார். பிறகு இரண்டு வருடம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தலைமைக் கோச். 1976-ல் கோஃபீல்ட் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குத் தலைமைக் கோச்சாகப் போனபோது ரயனையும் அழைத்துக்கொண்டார். எட்டு வருடம் அங்கே உதவிக் கோச்சாக இருந்துவிட்டு, 1984-ல், 36 வயதில், பிளாட்வில்லுக்கு வந்தார். தென்மேற்கு விஸ்கான்சினில் சுரங்கத் தொழிலை ஒட்டி வளர்ந்த சிற்றூர் அது. கல்லூரிக்குப் பெயர் வாங்கித் தந்தது பொறியியல் படிப்பு.

முதல் சீசன் 9 வெற்றி, 17 தோல்வி. அடுத்தது 16-11. அதற்கடுத்தது 14-11. இந்த மூன்று வரிகளையும் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன், ஏனென்றால் நான்கு சாம்பியன்ஷிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான்காவது சீசனில்தான் 24-5 என்று ஏறுகிறது. முதல் தேசியப் பட்டம் ஏழாவது சீசனில், 1991-ல், ஃபிராங்க்ளின் அண்ட் மார்ஷல் கல்லூரியை 81-74 என்று வென்றபோது கிடைத்தது. பிறகு 1995-ல் ஒரு தோல்விகூட இல்லாமல் 31-0. 1998-ல் மறுபடியும் தோல்வியே இல்லாமல் 30-0. 1999-ல் 30-2. அந்தக் கடைசி இறுதி ஆட்டம் இரண்டு கூடுதல் நேரம் போய், ஹாம்ப்டன் சிட்னி அணிக்கு எதிராக 76-75 என்று ஒரே புள்ளியில் முடிந்தது. 15 சீசனையும் கூட்டினால் 353 வெற்றி, 76 தோல்வி.

இனி, அந்த இடம் எப்படிப்பட்டது என்று தெரியாமல் இந்த எண்களுக்கு அர்த்தம் இல்லை. என்.சி.ஏ.ஏ. கல்லூரிகளை மூன்று டிவிஷனாகப் பிரிக்கிறது. பிளாட்வில் இருக்கும் மூன்றாம் டிவிஷனில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. நம் ஊர் ஸ்போர்ட்ஸ் கோட்டா போல ஆட்டத்தைக் காட்டி இடமோ கட்டணச் சலுகையோ தர முடியாது. குடும்ப வருமானத்தையும் மதிப்பெண்ணையும் வைத்து மற்ற மாணவர்களுக்கு என்ன உதவி உண்டோ அதுதான் ஆட்டக்காரனுக்கும். இதன் நடைமுறை விளைவு வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. உதவித்தொகை வாங்கும் மாணவன் பெஞ்சில் உட்கார வைத்தாலும் இருப்பான், விட்டால் படிப்புக்கான பணம் போகும். இங்கே பையன் எந்தச் செவ்வாய்க்கிழமையும் வந்து "சார், எனக்கு லேப் இருக்கிறது, இனி வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஒன்றும் குறையாது அவனுக்கு. ஆகவே மூன்றாம் டிவிஷன் கோச் ஒவ்வொரு வாரமும் தன் அணியை மறுபடி சேர்க்கிறார் என்றே சொல்லலாம். பயிற்சி தொடங்குவது அக்டோபர் நடுவில். சீசன் முடிந்தபின் கோச் நின்று முறையாகப் பயிற்சி நடத்துவதற்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. எனவே கோடையில் பையன் என்ன செய்கிறான் என்பது அவன் மனசாட்சியைப் பொறுத்தது. கற்றுத்தர உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய நான்கரை மாதம், அதிலும் பாதிக்கு மேல் ஆட்ட நாட்களும் பஸ் பயணமும் தேர்வுகளும்.

உயரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறடி பத்து அங்குலம் உயரமும் ஓட்டமும் உள்ள பையனை முதல் டிவிஷன் கல்லூரிகள் பள்ளியிலேயே பிடித்துவிடும். மூன்றாம் டிவிஷனுக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஆறடி ஒன்று முதல் ஆறடி ஆறு வரை, எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே அளவு, கை நன்றாக இருக்கும், கால் கொஞ்சம் மெதுவாக இருக்கும். வழக்கமான ஆட்டத்தில் நடுவில் ஒரு உயரமானவனை நிறுத்தி அவனுக்குப் பந்தைப் போடுவார்கள். அவன் இல்லாத இடத்தில் என்ன செய்வது? ரயன் பரப்பிய 'ஸ்விங்' என்ற ஆட்டமுறை இந்தக் கேள்விக்கான பதில்தான். அதை ஒரு வரைபடமாக மட்டும் கற்றுக்கொண்டு போகிறவர்கள் ஏமாறுவதற்குக் காரணம், கேள்வியை விட்டுவிட்டுப் பதிலை மட்டும் எடுத்துப் போவது.

அதன் இயக்கத்தைச் சொற்களிலேயே சொல்லிப் பார்க்கிறேன், கையில் ஒரு தாள் வைத்துக்கொண்டு வரைந்து பாருங்கள். கோர்ட்டின் ஒரு பக்கத்தில் மூவர் முக்கோணமாக நிற்கிறார்கள். மேலே ஒரு கார்டு, பக்கவாட்டில் விங், ரிங்குக்கு அருகே போஸ்ட். மறுபக்கம் மேலே ஒருவர், கீழே ஒருவர். கார்டு விங்குக்குப் பாஸ் கொடுக்கிறான். உடனே போஸ்டில் நிற்பவன் மேலேறி வந்து, கார்டைத் தடுப்பவனின் முதுகுப் பக்கம் ஸ்கிரீன் நிற்கிறான், அதாவது அசையாமல் நின்று அவன் வழியை மறிக்கிறான். கார்டு அவன் தோளை உரசிக்கொண்டு ரிங்கை நோக்கி ஓடுகிறான். பந்து கிடைத்தால் லே-அப், ரிங்குக்கு அடியிலிருந்து போடும் எளிய எறிதல். கிடைக்காவிட்டால் ஓடிவிடக் கூடாது, அங்கேயே திரும்பி எதிராளியை முதுகில் வைத்துப் போஸ்டாக நிற்க வேண்டும். இதுதான் உயிர்நாடி. எதிரணியின் குள்ளமான கார்டு இப்போது ரிங்குக்கு இரண்டடி முன்னால் நின்று தடுக்க வேண்டியிருக்கிறது. அதை அவனுக்கு யாரும் பழக்கியிருக்க மாட்டார்கள். அதேசமயம் ஸ்கிரீன் போட்ட உயரமானவன் வெளியே வந்து பந்தை வாங்கி மறுபக்கத்துக்குத் திருப்புகிறான். பந்து மறுபக்கம் போனதும் கீழ்க்கோட்டை ஒட்டி இன்னொரு பின்புற ஸ்கிரீன், இன்னொரு ஓட்டம். பந்து திரும்பத் திரும்ப ஐந்து பேரும் இடம் மாறுகிறார்கள். 'இவன் கார்டு, இவன் சென்டர்' என்ற பிரிவே கரைந்துபோகிறது. யாரைத் தடுப்பவன் பலவீனமானவனோ அவன்தான் அந்த நிமிடத்தின் போஸ்ட்.

உயரமானவன் இல்லை என்ற குறை இப்படித்தான் சாதகமாக மாறியது. ஒரே அளவுள்ள ஐந்து பேர் எல்லா இடத்திலும் ஆட முடிந்தால், ஒரே ஒரு உயரமானவனை நம்பியிருக்கும் அணிக்கு அவர்களைத் தடுப்பது பெரும்பாடு.

ஸ்விங்கைத் தங்கள் அணிக்குக் கொண்டுபோனவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதல் தவறு, ஸ்கிரீன் நிற்கும் முன்பே ஓடுபவன் கிளம்பிவிடுவது. ஸ்கிரீன் போடுபவன் அவனைப் பிடிக்க நகர்ந்துகொண்டே இடிக்கிறான், நடுவர் நகரும் ஸ்கிரீனுக்கு விசில் ஊதுகிறார், பந்து போய்விடுகிறது. தீர்வு எளிது: ஸ்கிரீன் போடுபவனின் இரண்டு காலும் தரையில் ஊன்றி நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே கிளம்பு என்று சொல்லி, ஒருநாள் பயிற்சியில் அதை மட்டும் பாருங்கள். இரண்டாவது, தோளுக்கும் தோளுக்கும் நடுவே இடைவெளி விட்டு ஓடுவது. ஒருவன் நுழையும் அளவு வழி இருந்தால் தடுப்பாளன் அதில் நுழைந்துவிடுவான். மூன்றாவது, பந்தை மறுபக்கம் திருப்பும் பாஸ். எதிரணித் தடுப்பாளன் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு அந்தப் பாஸ் வரும் வழியில் கையை நீட்டி நிற்பான், பறித்துக்கொண்டு ஓடினால் நேராக லே-அப். அவன் கை நீட்டுவதைக் கண்டதும் வாங்க வேண்டியவன் அவன் முதுகுக்குப் பின்னால் ரிங்குக்கு ஓட வேண்டும். இதைக் கற்றுத்தராமல் ஸ்விங்கைத் தொடங்கவே கூடாது. நான்காவது, எதிரணி ஒவ்வொரு ஸ்கிரீனிலும் ஆளை மாற்றிக்கொள்வது. அப்போது ஓடுபவன் நின்றுவிடுகிறான், ஆட்டம் வெளியே வெளியே சுற்றிச் செத்துப்போகிறது. மாற்றிக்கொண்டால் எங்கோ ஒரு குள்ளன் ஒரு உயரமானவனைத் தடுத்துக்கொண்டிருப்பான், அந்த இடத்தைத் தேடிப் பந்து போக வேண்டும். கடைசியாக இடைவெளி: வெளியே நிற்பவர்களுக்கு இடையே 15 முதல் 18 அடி வேண்டும். பந்தின் மேல் உள்ள ஆசையில் பையன்கள் அதை 10 அடியாக்கிவிடுவார்கள். அப்போது ஒரே தடுப்பாளன் இரண்டு பேரைப் பார்த்துக்கொள்வான்.

ஆனால் ரயனின் அணிகளை அணிகளாக்கியது ஸ்விங் மட்டுமல்ல, அதைவிட முக்கியம் அவர் எதை எண்ணினார் என்பது. அவர் ஒரு ஆட்டத்தில் எத்தனை புள்ளி எடுத்தோம் என்று பார்ப்பதைவிட, பந்து கைக்கு வந்த ஒவ்வொரு முறைக்கும் எத்தனை புள்ளி எடுத்தோம் என்று பார்ப்பவர். இப்போது எல்லாரும் இதைப் பேசுகிறார்கள், அப்போது பேசியவர்கள் குறைவு. கணக்கு கடினமில்லை. ஷூட் செய்த எண்ணிக்கையிலிருந்து நம் ஷூட் தவறி வந்தபோது நாமே மறுபடி பிடித்த பந்தை (ரீபவுண்ட்) கழியுங்கள், ஷூட் செய்யாமலே எதிரணியிடம் தொலைத்த பந்தை (டர்னோவர்) கூட்டுங்கள், எதிரணியின் ஃபவுலுக்காகக் கிடைக்கும் எறிதலான ஃப்ரீ த்ரோவின் எண்ணிக்கையைச் சுமார் 0.475-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 55 ஷூட், 9 ரீபவுண்ட், 10 டர்னோவர், 20 ஃப்ரீ த்ரோ என்று வைத்துக்கொண்டால் 55-ல் 9 போக 46, அதோடு 10, அதோடு 9.5, ஆக 65.5 வாய்ப்பு. 72 புள்ளி எடுத்திருந்தால் ஒரு வாய்ப்புக்கு 1.10. நல்ல ஆட்டம். அதே 72 புள்ளியை 85 வாய்ப்பில் எடுத்திருந்தால் 0.85, அது மோசமான ஆட்டம், ஸ்கோர் போர்டு பார்த்தால் இரண்டும் ஒன்று.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு பழக்கங்கள் பிறக்கின்றன. ஒன்று, டர்னோவர் மேல் கடுமை. சரியாகப் பழகாத கல்லூரி அணி ஒரு ஆட்டத்தில் 20 முறை பந்தைத் தொலைப்பது சாதாரணம். அதை 12-ஆகக் குறைத்தால் எட்டு வாய்ப்பு மீள்கிறது, ஒன்றுக்கு 0.9 புள்ளி என்று வைத்தாலும் ஏழு புள்ளி. புதிதாக ஒரு ஷூட்டரைக் கண்டுபிடித்தால்கூட அவ்வளவு கிடைப்பது கஷ்டம். அந்த ஏழு புள்ளிக்கு உயரமோ வேகமோ தேவையில்லை. இரண்டு காலில் நிற்கத் தெரிவது, பிவட் (ஒரு காலை ஊன்றி மறுகாலால் திரும்புவது) தெரிவது, பாஸ் கொடுக்கும் முன் போலியாகக் காட்டத் தெரிவது, இவை போதும். ரயனின் அணிகள் இப்படிக் காலை வைக்கும் நேர்த்திக்காகவே பேசப்பட்டன. 2014-15 விஸ்கான்சின் அணி ஆட்டத்துக்குச் சராசரியாக எட்டு டர்னோவர்கூட விடவில்லை. இரண்டாவது பழக்கம், எதிரணி எத்தனை ஃப்ரீ த்ரோ எறிகிறதோ அதைவிட அதிகமாக நாம் ரிங்குக்குள் போட வேண்டும் என்ற இலக்கு. கவனியுங்கள், எறிவதைவிட எறிவது அல்ல, அவர்கள் எறிவதைவிட நாம் போடுவது. இதை ஒரு முழு சீசனுக்குச் சாதிப்பது சாதாரணமில்லை. அது ஒரே நேரத்தில் மூன்று வேலையை வாங்குகிறது. தாக்குதலில் பந்து ரிங்குக்கு அருகே போயாக வேண்டும், வெளியே நின்று எறிந்தால் ஃபவுல் விழாது. தடுப்பில் கையை நீட்டி அடிக்காமல் காலால் தடுக்க வேண்டும். கிடைத்த ஃப்ரீ த்ரோவைப் போடவும் வேண்டும்.

இங்கே பொதுவான பயிற்சி அறிவு ஒன்றைச் சேர்க்கிறேன், இது ரயனுக்கே உரியதல்ல. ஃப்ரீ த்ரோவை வரிசையாக 50 எறிந்து பழகுவதால் ஆட்டத்தில் பெரிய பலன் இல்லை. ஆட்டத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டே இரண்டு எறிகிறோம். ஆகவே ஓட்டப் பயிற்சியின் நடுவில் நிறுத்தி, ஒவ்வொருவரும் இரண்டு எறிந்துவிட்டு மறுபடி ஓட வேண்டும். ஒரு பயிற்சிக்கு இப்படி எட்டு முதல் பத்து இரட்டைகள். பேப்பரில் குறிக்க வேண்டும், குறிக்காத எறிதல் விளையாட்டாகிவிடும்.

இப்போது நான் தள்ளிவைத்த விஷயம். இந்த வெற்றியில் எவ்வளவு ரயனுடையது? 1984-லேயே, ரயன் வந்த வருடமே, பிளாட்வில் ஆடும் அதே லீக்கைச் சேர்ந்த ஒயிட்வாட்டர் கல்லூரி தேசியப் பட்டம் வாங்கியது. 1989-ல் மறுபடி, பிறகு 2012, 2014-ல். ஸ்டீவன்ஸ் பாயின்ட் 2004, 2005, 2010, 2015. ஆஷ்கோஷ் 2019. எல்லாம் ஒரே மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகங்கள், தங்களுக்குள் ஆடும் ஒரே லீக். மூன்றாம் டிவிஷனில் பெரும்பகுதி தனியார் கல்லூரிகள், கட்டணம் அதிகம். உதவித்தொகை யாருக்குமே இல்லாத இடத்தில் கட்டணம் குறைந்த அரசுக் கல்லூரிக்கு இயல்பாகவே ஒரு பலம் உண்டு. விவசாயக் குடும்பத்துப் பையன் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் குறைந்த செலவில் பொறியியல் படிக்கலாம், ஆடவும் செய்யலாம். ஆகவே பட்டங்களில் ஒரு பங்கு அந்த லீக்குக்கும் அந்த மாநிலத்துப் பள்ளிக் கூடைப்பந்துக்கும் சேர வேண்டும். இது நிச்சயம். அதே பலம் இருந்த மற்ற கல்லூரிகளுக்கு நடுவில் பிளாட்வில் மட்டும் ஒன்பது சீசனுக்குள் நான்கு பட்டம் வாங்கியதும், அவர் போனபின் ஒரு தேசியப் பட்டமும் வாங்காததும் அதே அளவு நிச்சயம். இரண்டுக்கும் நடுவில் எத்தனை சதவீதம் என்று கேட்டால் அதைப் பிரித்துச் சொல்லும் கருவி யாரிடமும் இல்லை. பிரித்துவிட்டதாகச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

ஏன் முன்பே கூப்பிடவில்லை என்பதற்கு வருகிறேன். 53 வயது வரை யாருமே கூப்பிடவில்லை என்பது சற்றுத் தவறு. 1999-ல், 51 வயதில், முதல் டிவிஷனைச் சேர்ந்த மில்வாக்கி கல்லூரி அவரை எடுத்தது. அங்கே இரண்டு வருடத்தில் 30 வெற்றி, 27 தோல்வி. அதைத் தோல்வி என்று படிக்காதீர்கள், பிளாட்வில்லின் முதல் இரண்டு சீசனை மறுபடி பாருங்கள்: 25-28. புதிய இடத்தில் அவருடைய முறை வேர்விட எடுத்துக்கொண்ட காலம் அது. 2001-ல் விஸ்கான்சின் அழைத்தது. அதற்கு முன் அங்கே கோச்சாக இருந்து 2000-ல் இறுதி நான்குக்குப் போன டிக் பென்னட்டும் ஸ்டீவன்ஸ் பாயின்ட்டிலிருந்து மேலேறி வந்தவர்தான். அதே லீக். ஆகவே ஒரு சிறு கல்லூரிக் கோச்சால் பெரிய இடத்தில் முடியும் என்பதற்கு விஸ்கான்சினுக்கு வீட்டிலேயே அத்தாட்சி இருந்தது. மற்ற பெரிய கல்லூரிகள் தயங்கியதற்குக் காரணம் என் ஊகமாகச் சொல்வதென்றால் ஆள் சேர்ப்பு. முதல் டிவிஷனில் கோச்சைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் கேட்பது இவர் நாட்டின் சிறந்த பையன்களைப் பிடித்து வருவாரா என்றுதான். மூன்றாம் டிவிஷனில் அந்தத் திறமையைக் காட்டுவதற்கு மேடையே கிடையாது. கற்றுத்தரும் திறமையை ஒரு நேர்காணலில் காட்டவும் முடியாது.

சிறு கல்லூரி என்பது எல்லாருக்கும் ஒரே பொருள் தரவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடமே கான்சஸில் படித்தவர் ஜான் மெக்லெண்டன். கறுப்பர் என்பதால் அந்தப் பல்கலைக்கழக அணியில் ஆட அவருக்கு அனுமதியில்லை. 1957, 1958, 1959 என்று தொடர்ந்து மூன்று வருடம் டென்னசி ஏ அண்ட் ஐ அணிக்கு, சிறு கல்லூரிகளுக்கான இன்னொரு அமைப்பான என்.ஏ.ஐ.ஏ.வின் பட்டம் வாங்கிக் கொடுத்தார். வேக ஆட்டத்தின் முன்னோடி. ஆனால் வெள்ளையர் பெரும்பான்மையான ஒரு கல்லூரி அவரைத் தலைமைக் கோச்சாக்கியது 1966-ல்தான், கிளீவ்லேண்ட் ஸ்டேட்டில். அவரையும் ரயனையும் ஒரே தட்டில் வைத்து, தகுதி இருந்தால் ஒருநாள் கூப்பிடுவார்கள் என்று சொல்லக் கூடாது. கதவு மூடியிருந்ததும் கதவு தூரத்தில் இருந்ததும் ஒன்றல்ல. ரயனை ரசீனுக்கும் பிறகு விஸ்கான்சினுக்கும் கைபிடித்துக் கூட்டிவந்த பில் கோஃபீல்ட், விஸ்கான்சின் ஆடும் பிக் டென் லீக்கில் கூடைப்பந்துக்கு முதல் கறுப்பினத் தலைமைக் கோச். ரயனின் வாழ்க்கையில் அந்த அழைப்பு இல்லாமல் பிளாட்வில்லும் இல்லை.

விஸ்கான்சினில் நடந்தது உங்களுக்குத் தெரிந்ததே, சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் சீசனிலேயே பிக் டென் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார். 14 முழு சீசன்களிலும் லீக்கில் நான்காம் இடத்துக்குக் கீழே போகவில்லை, ஒவ்வொரு வருடமும் என்.சி.ஏ.ஏ. போட்டிக்குத் தகுதி. 2015-ல் 38-0 என்று வந்த கென்டக்கியை அரையிறுதியில் 71-64 என்று நிறுத்தி, இறுதியில் டியூக்கிடம் 63-68 என்று தோற்றார். அந்த டிசம்பரில் விலகினார். மொத்தம் 747 வெற்றி, 233 தோல்வி, 2024-ல் கூடைப்பந்துச் சாதனையாளர்களுக்கான நெய்ஸ்மித் ஹால் ஆஃப் ஃபேமில் இடம். பதவியை ஏற்றுக்கொண்ட கிரெக் கார்ட், பிளாட்வில்லில் படித்து அங்கேயே ரயனிடம் வேலைக்குச் சேர்ந்தவர்.

பிளாட்வில் எப்படி விஸ்கான்சினுக்குள் வந்தது என்பதற்கு எனக்கு ஒரே ஒரு சான்று போதும்: விஸ்கான்சினில் ரயனிடம் ஆடிய ஃபிராங்க் கமின்ஸ்கி. முதல் வருடம் ஆட்டத்துக்கு 1.8 புள்ளி. இரண்டாம் வருடம் 4.2. மூன்றாம் வருடம் 13.9. நான்காம் வருடம் 18.8, நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர். முதல் வருடத்தில் 1.8 எடுக்கும் பையனிடம் பொறுமையாக இருக்க, உதவித்தொகை இல்லாத கல்லூரியில் 15 வருடம் அதையே செய்த ஒருவரால் முடிந்தது. அங்கே அதைத் தவிர வேறு வழியே இல்லை. இன்னொன்றும் பாருங்கள். ஸ்விங்கில் கார்டு உள்ளே போகிறான் என்றால் உயரமானவன் வெளியே வர வேண்டும். ஏழடி உயரமுள்ள கமின்ஸ்கி நான்காம் வருடத்தில் வெளியே நின்று மூன்று புள்ளி எறிதலில் 40 சதவீதத்துக்கு மேல் போட்டார். உயரமானவன் இல்லாத அணிக்காக வளர்ந்த ஆட்டம், உயரமானவன் கிடைத்தபோது அவனையும் முழு ஆட்டக்காரனாக்கியது.

இந்த வழி ஒன்றுதான் வழி என்று எண்ணிவிடாதீர்கள். அயோவாவின் கிரின்னல் கல்லூரிக்கு 1989-ல் வந்த டேவிட் ஆர்சனோ அதே மூன்றாம் டிவிஷன் குறைகளுக்கு நேர் எதிரான விடை கண்டார். ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து பேரையும் மொத்தமாக மாற்றுவது, கோர்ட் முழுக்க அழுத்தம், கையில் பந்து வந்தவுடன் எறிவது. ஆட்டத்துக்கு 94 ஷூட், அதில் 47 மூன்று புள்ளி ஷூட், எதிரணியைவிட 25 ஷூட் அதிகம், எதிரணியிடம் 32 டர்னோவர் என்று இலக்கு வைத்தார். 15 பேருக்கும் ஆடக் கிடைக்கும், யாரும் விட்டுப் போக மாட்டார்கள். உதவித்தொகை இல்லாத கல்லூரியில் அது எத்தனை பெரிய விஷயம் என்பது மேலே சொன்னதிலிருந்து புரியும். 2012-ல் ஜாக் டெய்லர் ஒரே ஆட்டத்தில் 138 புள்ளி எடுத்தது அங்கேதான். தேசியப் பட்டங்கள் அந்த வழியில் வரவில்லை என்பதும் உண்மை. ஹெர்ப் மகீயோ பிலடெல்ஃபியாவில் இரண்டாம் டிவிஷனில் ஒரே கல்லூரியில் 1967 முதல் 2022 வரை இருந்து 1,144 வெற்றி பெற்றார். மேலே போகவே இல்லை. 2011-ல் அவரையும் ஹால் ஆஃப் ஃபேம் சேர்த்துக்கொண்டது.

உங்கள் அணிக்கு என்ன எடுத்துக்கொள்ளலாம் என்பதில் நான் பிடிவாதமாக ஒரு வரிசை சொல்வேன். முதல் சீசனில் ஸ்விங்கைத் தொடாதீர்கள். அது ஐந்து பேரும் போஸ்டில் ஆடத் தெரிந்த பிறகுதான் வேலை செய்யும். முதல் ஆறு வாரம் தினமும் 15 நிமிடம், கார்டு உட்பட எல்லாரும் ரிங்குக்கு முதுகு காட்டி நின்று பந்தை வாங்குவது, இரண்டு காலில் இறங்குவது, முன் பிவட், பின் பிவட், போலி காட்டி ஒரே டிரிபிளில் (பந்தை ஒருமுறை மட்டும் தரையில் தட்டி) முடிப்பது. கார்டுகள் சலித்துக்கொள்வார்கள், விடாதீர்கள். அடுத்து, இருவர் இருவராக ஸ்கிரீனும் ஓட்டமும். பிறகு மூவர் முக்கோணம். ஐவராக ஆடுவது கடைசியில். உங்கள் நிர்வாகத்திடம் முதல் நாளே மூன்று வருடம் கேளுங்கள். 9-17, 16-11, 14-11 என்ற மூன்று வரிகளையும் காட்டுங்கள். பையன்களுக்கு ஆடும் நேரத்தை வாக்குக் கொடுத்துச் சேர்க்காதீர்கள், ஜனவரியில் அந்த வாக்கு உடையும், அவனோடு இரண்டு நண்பர்களும் போவார்கள். பயிற்சியில் என்ன செய்தால் ஆடும் நேரம் கிடைக்கும் என்பதை எண்ணாகச் சுவரில் ஒட்டுங்கள்.

அந்த எண்ணுக்கு அடுத்த பயிற்சியிலேயே ஆரம்பம் வைக்கலாம். ஆட முடியாமல் காயத்தோடு உட்கார்ந்திருக்கும் பையன் ஒருவனிடம் ஒரு தாளும் பேனாவும் கொடுங்கள். ஐந்துக்கு ஐந்து 20 நிமிடம் ஆடட்டும். பந்து கைமாறிய ஒவ்வொரு முறையும் ஒரு கோடு, தொலைத்தால் யார், எப்படி என்று பக்கத்தில் ஒரு எழுத்து: கால் தவறினால் 'கா', பாஸ் தவறினால் 'பா', டிரிபிளில் போனால் 'டி', ஸ்கிரீன் ஃபவுல் என்றால் 'ஸ்'. இரண்டு வாரம் எடுத்துவிட்டு எந்த எழுத்து அதிகம் என்று பாருங்கள். பெரும்பாலும் 'கா'வும் 'பா'வும்தான் இருக்கும். மூன்றாவது வாரத்துக்கான பயிற்சித் திட்டத்தை அந்தத் தாளே எழுதிக் கொடுத்துவிடும்.